“குட்டிதானே” என்று சொல்லாதீர்கள்: லண்டன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளைத் தென்னங்காணி வரை ஒரு பாம்புக் கணக்கு

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஈரமான துகள்களின் மேல் ஆறு வெள்ளை முட்டைகள். கோழி முட்டையைவிடப் பெரியவை. ஐந்து முட்டைகளின் தோலைக் கிழித்துக்கொண்டு சின்னத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. ஆறாவது முட்டை சின்னது. அதிலிருந்து வந்த குட்டியும் மற்றவற்றைவிட மெலிந்து, குறுகி இருந்தது. “மாமா, இது மட்டும் ஏன் சின்னன்? தப்புமா?” என்று கேட்டிருந்தான்.

பளையில் இருக்கும் அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். “பாம்புக்குட்டியைக் கையில வைச்சு என்ன விளையாட்டு? அவளுக்கும் புத்தி இல்லையே?” என்று அக்காவுக்குத்தான் திட்டு விழுந்தது.

அதே கிழமை எங்கள் வளவில், குவித்துக் கிடந்த பொச்சுமட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சாண் நீளமான பாம்பொன்று வெளியே வந்தது. உதவிக்கு வந்திருந்தவர் “குட்டிதானே” என்று சொல்லிக்கொண்டு தும்புத்தடியின் முனையால் அதைத் தூக்கப் போனார். உடம்பில் சங்கிலிக் கோர்வை போல மூன்று வரிசைப் புள்ளிகள். தலை முக்கோணம். அது முத்திரைப் புடையன். தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன் என்பார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

லண்டனிலும் பளையிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பாம்புக்குட்டியின் அளவு நமக்கு எதைச் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை? லண்டனில் இது பொழுதுபோக்குக் கேள்வி. பத்துப் பதினைந்து வருடங்கள் மூடிக் கிடந்த காணிகளுக்கு இப்போதுதான் திரும்பியிருக்கும் பச்சிலைப்பள்ளிச் சனத்துக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

அளவு முட்டைக்குள்ளேயே தீர்மானமாகிறது

மருமகன் வளர்ப்பது ‘போல் பைத்தன்’. மேற்கு ஆபிரிக்காவில் கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். நஞ்சு கிடையாது. மேற்கு நாடுகளில் வீட்டில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று. பிரித்தானியாவில் இதை வளர்க்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நஞ்சுள்ள பாம்பு வளர்ப்பதற்குத்தான் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி அனுமதி வேண்டும்.

அங்கே பலர் வளர்க்கும் இன்னொன்று அமெரிக்காவைச் சேர்ந்த சோளப்பாம்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டியின் அளவு எங்கே தீர்மானமாகிறது என்பது விளங்கும். சோளப்பாம்பு ஒரு தடவைக்குப் பத்து, இருபது முட்டைகள் இடும். போல் பைத்தன் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகள்தான் இடும். ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. பொரித்து வரும் குட்டிகளின் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஓர் அடி. தராசில் வைத்தால் கதை வேறு. சோளப்பாம்புக் குட்டி ஏழெட்டுக் கிராம். போல் பைத்தன் குட்டி ஐம்பது முதல் எண்பது கிராம்.

தாயிடம் உள்ள சத்து ஓர் அளவானது. அதைப் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிரலாம், அல்லது சிலருக்கு நிறையக் கொடுக்கலாம். பல முட்டை இடும் பாம்பு, “நிறையப் பேரை அனுப்பினால் இரண்டு பேராவது தப்புவார்கள்” என்ற கணக்கில் நிற்கிறது. சில முட்டை இடும் பாம்பு, “கொஞ்சப் பேரை அனுப்பினாலும் வலுவாக அனுப்புவோம்” என்ற கணக்கில் நிற்கிறது. நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த தாயின் முட்டைகளுக்கும், மெலிந்த தாயின் முட்டைகளுக்கும், முதல் தடவை இடும் இளம் தாயின் முட்டைகளுக்கும் வித்தியாசம் இருக்கும். ஒரே தாய் ஒரே தடவையில் இட்ட முட்டைகளுக்குள்ளும் ஒன்றிரண்டு சிறியதாக வருவது சாதாரணம்.

கோழி முட்டை அல்ல

கோழி அடை வைத்துப் பழகிய எங்களுக்குப் பாம்பு முட்டை புதிராகத்தான் இருக்கும். அதன் ஓடு கடினமானது அல்ல. தோல் போல மெத்தென்று இருக்கும். சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருந்தால் அதை உறிஞ்சி முட்டை பருக்கும். மண் காய்ந்தால் முட்டை சுருங்கிக் குழி விழும். கோழி அடிக்கடி தன் முட்டைகளைப் புரட்டும். பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது. இட்டுச் சில நாட்கள் ஆனதும் கரு மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழாகப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். அதனால்தான் வளர்ப்பவர்கள் முட்டையின் மேல் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி எடுத்து வைக்கிறார்கள்.

ஈரமும் சூடும் குட்டியின் அளவை மாற்றும். போதிய ஈரத்தில் இருந்த முட்டை, மஞ்சள் கருவில் உள்ள சத்தை நன்றாக உடம்பாக மாற்றும். காய்ந்த இடத்தில் இருந்த முட்டையில் மஞ்சள் கரு மீந்துபோகும், குட்டி சிறுக்கும். சூடு அளவுக்கு மிஞ்சினால் முட்டை வேகமாகப் பொரிக்கும். ஆனால் குட்டி சிறியதாக, சில வேளைகளில் முதுகெலும்பு வளைந்து வரும். போல் பைத்தன் முட்டைக்கு 31, 32 பாகை செல்சியஸ் சூடு போதும். ஏறக்குறைய 55 முதல் 60 நாட்களில் பொரிக்கும்.

மலைப்பாம்பு இனங்களில் தாயே முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடை காக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், மலைப்பாம்பு தன் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கிறது என்று எழுதியபோது பாரிசின் அறிஞர்கள் அதை நம்பவில்லை. பாம்பு குளிர் இரத்தப் பிராணி, அது எப்படிச் சூடு கொடுக்கும் என்றார்கள். 1841இல் பாரிசிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடை கிடந்தபோது வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். சொன்னது உண்மை. தசைகளை விட்டு விட்டுத் துடிக்கச் செய்து, குளிரில் நாங்கள் நடுங்குவதைப் போல, அது தன் உடம்பைச் சூடாக்குகிறது. எங்கள் காட்டில் உள்ள வெங்கிணாந்தியும் அதே இனம்தான்.

போல் பைத்தன் அப்படி நடுங்கிச் சூடேற்றுவதில்லை. ஆனாலும் முட்டைகளை இறுக்கிச் சுற்றிக் கிடக்கும். எதற்கு? டோகோவில் செய்த ஆய்வுகள் இதற்குப் பதில் சொன்னன. தாய் சுற்றிக் கிடந்த முட்டைகள் ஈரத்தை இழக்கவில்லை. தாயைப் பிரித்த முட்டைகள் காய்ந்தன. அவற்றில் இருந்து வந்த குட்டிகள் சிறியவை, மந்தமானவை. தாயின் உடம்பு அங்கே அடுப்பு அல்ல, போர்வை.

மருமகனுக்குச் சொன்ன பதில்

குட்டி முட்டையைக் கிழிப்பதற்கு, அதன் மூக்கு நுனியில் ஒரு சின்னப் பல் உண்டு. கிழித்த உடனே வெளியே வராது. ஒரு நாள், சில வேளை இரண்டு நாட்கள், தலையை மட்டும் வெளியே நீட்டியபடி உள்ளேயே கிடக்கும். மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பொறுமை இல்லாமல் முட்டையை வெட்டிக் குட்டியை இழுத்து எடுத்தால், கடைசிச் சாப்பாட்டைப் பறித்த மாதிரி. சின்னதாய் வந்த குட்டிகளில் சில, இப்படி அவசரப்பட்டவர்களின் கையில் சின்னதாகிப்போனவை.

வெளியே வந்த குட்டி ஒரு கிழமை, பத்து நாட்களில் முதல் சட்டையைக் கழற்றும். அதுவரை சாப்பாடு தேவையில்லை. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. சட்டை கழற்றிய பிறகு தன் உடம்பின் பருமனுக்கு ஏற்ற சின்ன எலிக்குஞ்சைச் சாப்பிடத் தொடங்கினால், பொரித்தபோது சின்னதாக இருந்தது பிறகு பெரிய விடயமே இல்லை. ஒழுங்காகச் சாப்பிடும் மெலிந்த குட்டி, சாப்பிட மறுக்கும் பெரிய குட்டியை ஒரு வருடத்தில் தாண்டிவிடும்.

ஆகவே மருமகனுக்கு எழுதினேன்: “பொரித்த அன்றைய அளவு அதின்ர தாயைப் பற்றியும், நீ வைச்ச பெட்டியைப் பற்றியும் சொல்லும். அது எவ்வளவு வளரும் எண்டு சொல்லாது. சட்டை கழற்றுதா, சாப்பிடுதா எண்டு பார்.”

ஆனால் “எவ்வளவு வளரும்” என்ற அதே கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு பெரிய விலை கொடுத்த ஊர் உண்டு. அந்தக் கதையில் எங்கள் தமிழ்ச் சனமும் இருக்கிறது.

புளோரிடாவுக்குப் போன இருளர்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புக் குட்டிகள் கடைகளில் விற்கப்பட்டன. பொரிக்கும்போது ஏறக்குறைய இரண்டு அடி. அழகாகவும் சாந்தமாகவும் இருக்கும். வாங்கியவர்களுக்கு அது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிச் செல்லப்பிராணி. சில வருடங்களில் அது பதினைந்து அடியைத் தாண்டும், ஒரு ஆளால் தூக்க முடியாது என்று பலர் நினைத்துப் பார்க்கவில்லை. தாங்க முடியாதவர்கள் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். பாம்புப் பண்ணைகளில் இருந்தும் தப்பின. எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்தில் அவை பெருகின.

2012இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்தச் சதுப்பு நிலத்தில் ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்றது. அதே வருடம் பர்மிய மலைப்பாம்பை நாட்டுக்குள் கொண்டுவருவதை அமெரிக்கா தடை செய்தது. பாம்பு ஏற்கெனவே காட்டில் பரவிய பிறகு வந்த சட்டம் அது. அங்கே பிடிபட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பு 98 கிலோ. அதன் வயிற்றில் 122 முட்டைகள் உருவாகிக்கொண்டிருந்தன.

2017 தொடக்கத்தில் புளோரிடாக்காரர் உதவிக்கு அழைத்தது, தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேர் போனார்கள். நாய்களும் பொறிகளும் வைத்துத் தேடிச் சலித்த இடத்தில், இவர்கள் புல்லின் சாய்வையும் மண்ணில் கிடந்த தடத்தையும் பார்த்து நடந்தார்கள். முதல் சில கிழமைகளிலேயே 13 மலைப்பாம்புகள் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இருளர்களுக்கும் வன்னிக்கும் இன்னொரு தொடர்பு இருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரியாது. 1978இல் ரொமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுவது அவர்களின் தொழில். இந்தியாவில் விஷமுறி மருந்து தயாரிப்பதற்கான நஞ்சின் பெரும் பகுதி அங்கிருந்துதான் போகிறது. இலங்கை வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படுவது இந்தியாவில் தயாரிக்கப்படும் அந்த மருந்துதான்.

எங்கள் மண்ணில் சாணும் முழமும்

இப்போது லண்டன் பெட்டியை மூடிவிட்டு, எங்கள் காணிக்கு வருவோம்.

எங்கள் பாம்புகள் பிறக்கும்போது எவ்வளவு பெரிது என்று சாணிலும் முழத்திலும் சொல்வது சுலபம். ஒரு சாண் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர். ஒரு முழம் ஏறக்குறைய 45.

வெங்கிணாந்தி: பிறக்கும்போதே ஒரு முழத்துக்கு மேல், 45 முதல் 60 சென்ரிமீற்றர். நஞ்சு இல்லை. நிலத்தில் காணும் பாம்புக்குட்டிகளில் மிகப் பருத்தது இது. முதுகில் பெரிய பெரிய கபிலத் திட்டுகள் இருப்பதால் பலர் இதைப் புடையன் என்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள்.

சாரை: பிறக்கும்போதே ஓர் அடிக்கு மேல். மெலிந்த, வேகமான குட்டி. நஞ்சு இல்லை. எலியைத் தின்று எங்களுக்கு உதவும்.

நாகம்: முட்டையிடும். குட்டி ஒரு சாண் முதல் ஓர் அடி வரை. முட்டையிலிருந்து வந்த உடனேயே படம் எடுக்கும்.

கட்டு விரியன்: எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். முட்டையிடும். குட்டி ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. ஈர்க்குப் போல மெல்லியது. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள். இதே மாதிரி வளையங்கள் உள்ள நஞ்சில்லாத சின்னப் பாம்புகளும் வீடுகளுக்குள் வரும். அனுபவம் உள்ளவர்களே குழம்பும் இடம் இது.

முத்திரைப் புடையன்: முட்டையிடாது, குட்டி போடும். ஒரு தடவைக்கு 20 முதல் 40 வரை சாதாரணம். குட்டி ஒரு சாண். ஒரு குட்டி கண்டால் பக்கத்தில் இன்னும் பல இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுருட்டை: இதுவும் குட்டி போடும். பிறக்கும்போது எட்டுச் சென்ரிமீற்றர் அளவு. நான்கைந்து விரல் அகலம், அவ்வளவுதான். யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார் போன்ற வறண்ட மணல் பகுதிகளில் அதிகம் காணப்படும். வளர்ந்த சுருட்டையே எங்கள் பகுதியில் ஏறக்குறைய ஓர் அடிதான்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிறந்து சில கிழமைகளான புடையன் குட்டியும், வயது முதிர்ந்து குட்டி போடத் தயாரான சுருட்டையும் நீளத்தில் ஒன்று. நீங்கள் “குட்டி” என்று நினைத்தது ஒரு தாயாகவும் இருக்கலாம். நீளத்தை வைத்து வயதையும் சொல்ல முடியாது, ஆபத்தையும் சொல்ல முடியாது.

குட்டிக்கு நஞ்சு இருக்கிறதா?

இருக்கிறது. நஞ்சுள்ள பாம்பின் குட்டி பல்லோடும் நஞ்சுப் பையோடும்தான் பிறக்கிறது. தாயிடம் படித்துவிட்டு வரத் தேவையில்லை. பிறந்த நாளே கொத்தும்.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் இன்னொரு கதையும் ஊரில் உலாவுகிறது: குட்டிக்கு நஞ்சை அடக்கத் தெரியாது, முழுவதையும் இறக்கிவிடும், ஆகவே தாயைவிடக் குட்டி ஆபத்து என்று. அதுவும் சரியல்ல. பெரிய பாம்பின் நஞ்சுப் பை பெரிது. அது இறக்கக்கூடிய நஞ்சும் அதிகம். குட்டியிடம் இருப்பது குறைவு. ஆனால் புடையன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. குறைந்த அளவே போனாலும் இரத்தம் உறையாமல் போகலாம். “சின்னப் பாம்பு, சின்னக் கடி, கொஞ்சம் பார்ப்போம்” என்று வீட்டில் காத்திருந்த மணித்தியாலங்கள்தான் சிறுநீரகத்தைக் கொண்டுபோகும்.

பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் கவனம். பாம்பு பெரியவரைக் கடித்தாலும் பிள்ளையைக் கடித்தாலும் இறக்கும் நஞ்சு ஒன்றுதான். ஆனால் பிள்ளையின் உடம்பு சிறியது. அதனால்தான் வைத்தியர்கள் பிள்ளைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவு விஷமுறி மருந்தைக் கொடுக்கிறார்கள். சின்னப் பாம்பைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

இலங்கையில் 2012, 2013இல் வீடு வீடாகப் போய் நடத்திய தேசிய ஆய்வு ஒன்று, ஒரு வருடத்தில் 80,000க்கும் மேற்பட்டவர்களைப் பாம்பு கடிக்கிறது என்றும், அதில் 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது என்றும், 464 பேர் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. விவசாயம் செய்யும் வறண்ட வலயச் சனம்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மூடிக் கிடந்த காணிகள்

பச்சிலைப்பள்ளியில் முகமாலை, இத்தாவில், வேம்பொடுகேணி, கிளாலி என்று போர் முன்னரங்காக இருந்த ஊர்களின் காணிகள், சண்டை முடிந்த பிறகும் நெடுங்காலம் சிவப்புக் குறித்தடிகளுக்குப் பின்னால் கிடந்தன. கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டித்தான் அவற்றைத் திருப்பித் தந்தார்கள். 2014 மார்ச்சில் ரயில் பளை வரை வந்தது. அதற்குப் பிறகும் பல குடும்பங்கள் தங்கள் வேலியைத் தூரத்தில் நின்றுதான் பார்த்தன.

மனிதர் போகாத நிலத்தில் பாம்பு நிம்மதியாகப் பெருகும். வட்டு இல்லாத தென்னைகள், இடிந்த சுவர்கள், மண் அணைகள், தூர்ந்த பங்கர்கள், கரையான் புற்றுகள், புதர்கள். முட்டை இட ஈரமும் மறைவும் உள்ள இடங்கள் இவைதான். கண்ணிவெடி இல்லை என்று பத்திரம் கிடைத்த காணியைத் துப்புரவாக்கும் முதல் வருடத்தில், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை நாங்கள் எதிர்கொள்கிறோம். பங்கருக்குள் பாம்போடு கிடந்த கதை வன்னியில் பல குடும்பங்களிடம் உண்டு. தறப்பாள் கொட்டிலில் நிலத்தில் படுத்த காலமும் மறக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் “அப்பவே ஒண்டும் செய்யல்ல, இப்ப என்ன” என்று அலட்சியமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை பெரிய செலவு இல்லாதவை. பொச்சுமட்டைக் குவியல், காய்ந்த ஓலை, பழைய கிடுகு, கல் அடுக்கு இவற்றை வெறுங்கையால் தூக்காமல் நீண்ட தடியால் முதலில் கிளறிப் பாருங்கள். குவியலை வீட்டுச் சுவரில் இருந்து தள்ளி வையுங்கள். காணி துப்புரவாக்கும்போது சப்பாத்துப் போடுங்கள். சாதாரண ரப்பர் சப்பாத்தே ஒரு சாண் குட்டியின் பல்லைத் தடுக்கும். இரவில் ரோச் இல்லாமல் நடக்காதீர்கள். நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிப் படுங்கள். கட்டு விரியன் இரவில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும். அந்தக் கடி பல வேளைகளில் வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமை என்று வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மண்ணுக்குள் தோல் போன்ற வெள்ளை முட்டைகள் கிடைத்தால் பல்லி முட்டையா, சாரை முட்டையா, நாக முட்டையா என்று ஆராய வேண்டாம். கிளறினதை அப்படியே மூடிவிட்டு விலகுங்கள். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். வீட்டோடு ஒட்டிய இடமென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

கடி விழுந்தால் இறுக்கிக் கட்டாதீர்கள். வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த காலையோ கையையோ அசையாமல் வைத்து, 1990 அம்புலன்சை அழையுங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. வைத்தியர் இரத்தம் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தே பல விடயங்களை அறிந்துகொள்வார். விஷமுறி மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் அதை வைத்தியசாலையில், கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். “சின்னப் பாம்புதான் கடிச்சது” என்பதை வைத்தியரிடம் தகவலாகச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போகாமல் விடுவதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

இங்கே வளர்க்கலாமா?

புலம்பெயர்ந்த உறவுகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “எங்களிட்டை இல்லாத பாம்பே, நாங்களும் வளர்க்கலாமே” என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெங்கிணாந்தி 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் அடைத்து வைப்பதும் விற்பதும் குற்றம். கடந்த காலங்களில் வெளிநாட்டுப் பாம்புகளைப் பயணப் பையில் கடத்தி வருவது இந்தப் பிராந்தியத்திலேயே பெருகிவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பெண்ணின் பைகளில் 22 பாம்புகள் இருந்தன. அவை வந்து காட்டில் தப்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் புளோரிடாவே சாட்சி.

பாம்பு பற்றிய பயமும் பக்தியும் எங்களுக்குப் புதிதல்ல. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் அதே சனம், வளவில் கண்ட ஒவ்வொரு பாம்பையும் தடியால் அடிப்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் அறிவு வேண்டியிருக்கிறது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் தூரத்தில் நிற்பது, சின்னதென்றாலும் தூரத்தில் நிற்பது.

அன்று வளவில் கண்ட அந்த ஒரு சாண் புடையன் வேலிக்கு அப்பால் உள்ள புதருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா பொச்சுமட்டையைக் கிணற்றடிக்கு அப்பால் குவிக்கச் சொன்னார். தடி ஒன்றும் அங்கே நிரந்தரமாகச் சாத்தி வைத்திருக்கிறது.

லண்டனில் ஆறாவது குட்டி முதல் சட்டையைக் கழற்றிவிட்டதாம். மருமகன் அந்தச் சட்டையை விரித்து அளந்து படம் அனுப்பியிருந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “சரி, அது உங்கட பாம்பு. ஆனா இஞ்ச லீவுக்கு வந்தா ஒண்டையும் கையால தொடப்படாது எண்டு அவனிட்ட சொல்லிவை” என்றார்.